பெயிண்டுக்காகக் கல்லை உடைப்பதா?

பெரியநாயக்கன்பாளையத்தில் யாருக்கும் கணப்பு தேவைப்படாது. மார்கழி விடியற்காலையில் காதை மூட ஒரு மப்ளர் இருந்தால் போதும், குளிர் சமாளிக்கப்பட்டுவிடும். ஆனால் ஊட்டிக்குப் போகும் பஸ்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் மேட்டுப்பாளையம் போகின்றன. மலையேறி குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு பழைய பங்களாவுக்குள் நுழைந்து பாருங்கள். ஹாலில் சுவரோடு சுவராக ஒரு தீ மாடம் இருக்கும். அதைச் சுற்றிக் கல்லோ செங்கல்லோ ஓடோ பதித்து, மேலே கனமான மரப்பலகை ஒன்று வைத்திருப்பார்கள். ஃபயர்பிளேஸ் என்று சொல்லப்படுகிற கணப்பு அதுதான்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். வீடு கைமாறுகிறது. புதிதாக வந்தவர் ஷேட் கார்டைப் பார்த்து வெளிர் சாம்பல், வெள்ளை என்று நிறங்களைத் தேர்ந்தெடுக்கிறார். அடித்து முடித்த பிறகு பார்த்தால், நடுவில் நிற்கும் சிவப்புச் செங்கல் கணப்பு மட்டும் கல்யாண வீட்டுக்கு லுங்கியோடு வந்தவர் போலத் தெரிகிறது. உடனே முடிவு: "இடிச்சுடலாம்!"

ஊட்டிக்காரர்கள் கதைதானே என்று நினைக்க வேண்டாம். கொங்கு நாட்டில் இதே கதை சிவப்புத் தரையை வைத்து நடக்கிறது. தாத்தா காலத்தில் போட்ட ரெட் ஆக்சைடு தரை, திண்ணை, மரத்தூண் எல்லாம் இருக்கும். கல்யாணத்துக்காகவோ, காப்புக்கட்டு வருகிறது என்றோ வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். சுவருக்குப் புது நிறம் வந்ததும் தரை "பழசா இருக்கு" என்று தோன்றும். அடுத்த வாரம் டைல்ஸ் லாரி வாசலில் நிற்கும்.

இரண்டிலும் நடப்பது ஒரே தவறு. மாறக்கூடிய பொருளுக்காக மாறாத பொருளைப் பலி கொடுக்கிறார்கள்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதலினச் செலவு, வருவாயினச் செலவு இரண்டும் ஞாபகம் இருக்கும். பல வருடம் பலன் தருவது முதலினச் செலவு. குறுகிய காலத்தில் தீர்ந்துபோய் மறுபடி மறுபடி செய்ய வேண்டியது வருவாயினச் செலவு. பெயிண்ட் இரண்டாவது வகை. சில வருடத்தில் மங்கும், உரியும், குழந்தைகள் கிறுக்கும், திரும்ப அடிக்க வேண்டும். கல் கணப்பும் ஆக்சைடு தரையும் முதல் வகை. வருவாயினச் செலவுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக முதலினச் சொத்தை உடைக்கும் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொள்வார். வீடு என்றால் மட்டும் அதற்கு 'ரெனோவேஷன்' என்று பெயர்!

"தேய்மானம் போக அதன் மதிப்பு பூஜ்யம்தானே?" என்று வகுப்பில் யாராவது கேட்கலாம். புத்தகத்தில் பூஜ்யம், உண்மைதான். ஆனால் உபயோகத்தில் பூஜ்யம் இல்லையே. இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய தரைக்கு இனிமேல் செலவு வெறும் துடைக்கும் துணியும் தண்ணீரும்தான். அதை உடைத்தால் உடைக்கும் கூலி, குப்பை அள்ளும் வண்டி, புது டைல்ஸ், பதிக்கும் கூலி என்று புதுக்கணக்கு தொடங்குகிறது. உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தரைமட்டம் உயரும். எல்லாக் கதவின் அடியையும் இழைக்க வேண்டும். பாத்ரூம் வாசலில் புதிதாக ஒரு தடுக்கும் படி முளைக்கும். அதில் முதலில் தடுக்கி விழுவது அந்த வீட்டுப் பாட்டியாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் வரலாறும் பார்க்கலாம். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். 1822-ல் ஊட்டியில் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஸ்டோன் ஹவுஸ் எனப்படும் அந்தக் கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 1868-ல் கோயமுத்தூரிலிருந்து பிரிந்து நீலகிரி தனி மாவட்டமானது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் மலை ரயில் வந்தது. இந்தக் காலத்தில் எழுந்த பங்களாக்களில் கணப்பு அலங்காரத்துக்காக வைத்ததல்ல. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊரில் ராத்திரியைக் கழிக்க அதுவே வழி.

அதன் வடிவத்துக்கும் காரணம் உண்டு. 1790-களில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, புகை போகும் தொண்டையைக் குறுக்கினார். வெப்பம் அறைக்குள் திரும்பியது, புகை ஒழுங்காக மேலே போனது. இது தெரியாமல் 'லுக்'குக்காக வாயைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? புகை ஹாலுக்குள் வரும். புது வெள்ளைச் சுவர் ஒரே சீசனில் கறுத்துவிடும்.

இதைவிட முக்கியமானது உயிர். அழகுக்காகப் புகைபோக்கியை மேலே அடைத்துவிட்டு, கீழே கணப்பை மட்டும் ஷோவுக்கு விட்டுவைப்பவர்கள் உண்டு. விஷயம் தெரியாத ஒரு விருந்தாளி குளிருக்கு அதில் நெருப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மலை ஊர்களில் அடைத்த அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. அடைப்பதானால் கீழேயும் யாரும் தீ மூட்ட முடியாதபடி முழுதாக அடைக்க வேண்டும். திறந்து வைப்பதானால் கரி தட்டிச் சுத்தம் செய்து, புகை மேலே போகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

சரி, இடிக்காமல் என்னதான் செய்வது? திரும்பப் பெறக்கூடியதை முதலில் செய்ய வேண்டும், திரும்பப் பெற முடியாததைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் கழுவிப் பாருங்கள். பல வருடக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் போனால், "அசிங்கமான பிரவுன்" என்று திட்டப்பட்ட கல்லுக்குள் நல்ல நிறம் ஒளிந்திருக்கலாம். சிவப்புத் தரையும் இப்படித்தான். நன்றாகக் கழுவிக் காயவைத்து மெழுகோ, துளி தேங்காயெண்ணெயோ போட்டுத் தேய்த்தால் பாதி வீட்டில் டைல்ஸ் பேச்சே அடங்கிவிடும் :-)

இரண்டாவது, சுவர் நிறத்தை மாற்றுங்கள். கல்லையும் தரையையும் வைத்து நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்லாக்கை வைத்து அல்ல. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் கலந்த குளிர்ந்த சாம்பல் ஒட்டாமல் நிற்கும். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை, சந்தன நிறம், வெளிர் பச்சை எல்லாம் சேர்ந்து போகும். நான்கு ஷேடு வாங்கி, கைக்குட்டை அளவுக்குச் சுவரில் அடித்து, காலை வெயிலிலும் ராத்திரி லைட்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது டீச்செலவு.

மூன்றாவதுதான் கணப்புக்கே பெயிண்ட். இதை யோசித்துச் செய்ய வேண்டும். செங்கலின் துளைகளுக்குள் இறங்கிய பெயிண்டை முழுதாக எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பழைய சுண்ணாம்புக் கட்டுச் சுவரில் எனாமல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளித்து உரியும். அங்கே சுண்ணாம்பு அடிப்பதே மேல். தீ எரியும் உட்பக்கத்துக்குச் சாதாரண எமல்ஷன் கூடவே கூடாது. வாயை ஒட்டி மரமோ பிளைவுட்டோ பதிப்பதும் ஆபத்து. அமெரிக்கக் கட்டட விதிகள் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியும் பொருளை அனுமதிப்பதில்லை. பழைய எனாமலைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, காய்ந்த தூசு பறக்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

இடிப்பது கடைசி. அதற்கும் நியாயமான சமயங்கள் உண்டு. தரை நெடுக வெடித்து எறும்பு குடியேறிவிட்டது, கல் சரிந்து நிற்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆக்சைடு தரையில் ஒரு இடத்தில் ஒட்டுப்போட்டால் நிறம் சேராது என்பதும் உண்மை. "பழசைப் பாதுகாக்கணும்னு சொல்றவங்க வந்து துடைச்சுக் குடுப்பாங்களா?" என்று கேட்கும் அம்மாக்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வீடு மியூசியம் கிடையாது, அதில் வாழ்பவர்களின் வசதிதான் முதலில். ஆனால் "பழுதாகிவிட்டது" வேறு, "சுவரோடு மேட்ச் ஆகவில்லை" வேறு. இரண்டாவது காரணத்துக்குச் சம்மட்டி எடுப்பதைத்தான் ஏற்க முடியாது.

ஏனென்றால் உடைத்ததைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது சுலபமில்லை. சிமெண்ட்டில் இரும்பு ஆக்சைடு பொடியைச் சரியான விகிதத்தில் கலந்து, ஈரப்பதம் பார்த்து, கரண்டியால் மணிக்கணக்கில் தேய்த்து, நாட்கணக்கில் தண்ணீர் கட்டி எடுக்கும் வேலை அது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் வெடித்துவிடும். இந்தக் கைப்பக்குவம் உள்ள கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலை கொடுப்பவர்கள் குறைந்ததால்தான் வேலை தெரிந்தவர்களும் குறைந்தார்கள். மோர்பியிலிருந்து லாரியில் வரும் டைல்ஸை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தாத்தா தேய்க்கச் சொல்லி நின்று பார்த்த தரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரும்பு ஆக்சைடு வெயிலில் வெளுக்காது. பெயிண்ட் வெளுக்கும். எது எதற்கு ஏற்ப மாற வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அடுத்த முறை வீட்டில் ஷேட் கார்டை விரித்தால், முதலில் அதைத் தரையில் வைத்துப் பாருங்கள்.