எஞ்சின் லைட்டுக்குக் கறுப்பு டேப் ஒட்டும் ஊர்

கார் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தால் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கறுப்பு டேப் ஒரு துண்டை ஒட்டி மறைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கராஜில் சாவியைக் கொடுத்து, "என்னமோ லைட் எரியுது பாஸ், பாருங்க" என்பார்கள். மாலையில் "சென்சர் போயிட்டு" என்று பதில் வரும். எந்த சென்சர்? போனதென்று எப்படித் தெரியும்? யாரும் கேட்பதில்லை. சல்லி கைமாறும். இரண்டு கிழமையில் அதே லைட் திரும்ப எரியும்.

பாஸ்மாரைத் திட்ட இதை எழுதவில்லை. கேள்வியே கேட்காதவருடைய வாகனத்தில் ஊகத்தில்தான் வேலை நடக்கும்.

ஸ்டீரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சிறிய சொக்கட் ஒன்று இருக்கிறது. அதில் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பிழைக் குறியீடு போனிலேயே தெரியும். பி0135 என்று வந்தால், ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே அர்த்தம். பியூஸ் எரிந்திருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம் (அதில் அப்படி என்ன ருசியோ). சென்சரே பழுதாகியும் இருக்கலாம். பி0113 என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சரின் சுற்று. ஏர் பில்டர் மாற்றியவர் சொக்கட்டைத் திரும்பக் கொழுவ மறந்திருந்தாலும் இதே குறியீடுதான் வரும். அதற்குப் புது சென்சர் வாங்குவது சல்லியைக் கடலில் போடுவது போல.

சென்சர்தான் பிழை என்று உறுதியானால், மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். ஒட்சிசன் சென்சருக்குப் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் சாவி போதும். இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருங்கள், முறுக்கி மரையை உடைக்காதீர்கள். புது சென்சரின் நுனியில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பிரேக், எயார்பேக், ஹைபிரிட் வாகனத்தின் ஆரஞ்சு நிற வயர்கள், இந்த மூன்றிலும் வீட்டில் கைவைக்கவே வேண்டாம். அவை தெரிந்தவர் வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இன்று நம் வீட்டு வாசல்களில் நிற்பவற்றில் அதிகமானவை வயது போன வாகனங்கள். அவற்றின் சென்சர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் ஊகத்துக்குக் காசு கட்ட எத்தனை குடும்பங்களால் முடியும்?

உண்மையான தடை சல்லியும் இல்லை, சாவியும் இல்லை. கையில் கிரீஸ் படுவதை நாம் கௌரவக் குறைவாக வைத்திருக்கிறோம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. இன்றும் மகன் அதைத் தெரிவுசெய்தால், "வேற ஒண்டும் கெடைக்கலயா?" என்று கேட்கும் வாப்பாமார் இருக்கிறார்கள். அதே வாப்பா கராஜ் வாசலில் பாஸுக்காக மூன்று மணித்தியாலம் காத்து நிற்பார். பாடசாலைக்குத் தானே கார் ஓட்டி வரும் டீச்சர்மாரிடமும் "பொனட்டை நீங்க தொடாதீங்க" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஏன் தொடக்கூடாது? ஒயில் அளவு பார்க்க ஆண் கை வேண்டுமா?

பத்து வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் போதும். வருகிற பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் மைதானத்தில் நிற்கிறோம். எஞ்சின் லைட் எரியும் வாகனம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும், ஆணோ பெண்ணோ, கூட்டி வாருங்கள். வரும்போது அந்தக் கறுப்பு டேப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.