ஒத்துக்காததை ஒத்துக்கொள்ளுங்கள்!

‘பால் எனக்கு ஒத்துக்காது’ என்று விருந்தாளி சொன்னால் நாம் விடுகிறோமா? ‘அரை டம்ளர்தானே, ஒண்ணும் பண்ணாது’ என்று கையில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை! முசிறி மாதிரி ஊர்களில் இதற்கு உபசாரம் என்று பெயர். குடிப்பவரின் வயிற்றுக்கோ அது தண்டனை.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் பால். கையோடு திருச்சி பஸ். குணசீலம் தாண்டுவதற்குள் வயிறு கடமுடா என்கிறது. உடனே, ‘பஸ் குலுக்கல்தான் காரணம்’ என்று பஸ்மீது பழி போடுவோம். பாலைச் சந்தேகிக்க மட்டும் நமக்கு மனசே வராது.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்ற என்சைம். குழந்தைப் பருவத்தில் தாராளமாக இருக்கும் இது, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். வட இந்தியர்களைவிட தென்னிந்தியர்களிடம் இது அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. விளைவு: வாயு, உப்புசம், வலி, சிலருக்குப் பேதி. இது நோயுமல்ல, நொண்டிச்சாக்குமல்ல.

அதற்காக, ஒருநாள் வயிறு வலித்ததும் பால், கோதுமை, பருப்பு என்று வரிசையாகத் தள்ளிவைப்பதும் தப்பு. ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு என்ன சொன்னது என்று எழுதுங்கள். சந்தேகப்படும் ஒரே ஒரு பொருளை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். தொந்தரவு போய், மறுபடி வந்தால் ஆள் அகப்பட்டான்!

அகப்பட்டாலும் முழுசாக விரட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு கொஞ்சம் பால் பலருக்கு ஒத்துப்போகும். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் தயிரும் மோரும் பெரும்பாலும் தொல்லை தராது. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது; 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல்!

‘எந்த உணவு ஆகாது என்று ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறோம்’ என்று நீளமான பட்டியல் தரும் ஐ.ஜி.ஜி. டெஸ்ட்டுகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அலர்ஜி நிபுணர்கள் அவற்றை ஏற்பதில்லை. லாக்டோஸுக்கு என்றால், மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது அலர்ஜி. வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் பேதி இவற்றுக்கும் டாக்டர்தான். குழந்தைகளுக்கு நீங்களாகப் பாலை நிறுத்தாதீர்கள்.

அவரவர் வயிறு அவரவருக்குத்தான் தெரியும். அடுத்த முறை யாராவது ‘பால் வேண்டாம்’ என்றால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். ‘அப்ப மோர் கலக்கட்டுமா?’ என்று கேளுங்கள். அதுதான் நிஜமான உபசாரம்.