துருத்தி ஊதிய பையன்

பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தை 1903-ம் வருஷம் ஆரம்பித்தது ஒரு பத்திரிகை, விற்பனையைப் பெருக்கிக்கொள்ளத்தான். பத்திரிகைக்காரர் மூளை எத்தேசத்திலும் ஒன்றே போலும்! நிற்க.

1913-ம் வருஷத்துப் பந்தயத்தில் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் யூஜீன் கிறிஸ்தோப். பிரெனே மலைகளில் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்குகையில், அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் முறிந்துவிட்டது. பிறர் உதவி பெறலாகாதென்பது விதி. மனிதர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லன் உலையை அடைந்தார். அதிகாரிகள் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்து, மணிக்கணக்கில் தாமே செப்பனிட்டார். ஆனால் அவருக்கும் இரண்டு கைகள்தானே? துருத்தியை ஒரு பையன் ஊதிக் கொடுத்தான். அக்குற்றத்திற்காக 10 நிமிஷம் தண்டம் விதித்தார்கள். பிறகு மனமிளகி அதை 3 ஆக்கினார்களாம்!

விதி வேண்டியதுதான். பரீட்சை மண்டபத்தில் காவல் நிற்கும் நாம் அதை மறுக்க மாட்டோம். ஆயினும் விடையைச் சொல்லிக் கொடுப்பதும், விழுந்த பேனாவை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றாகுமா?

அவ்வருஷம் அவர் ஏழாவதாக வந்தார். 1919-ல், முதல்வருக்கென்று ஏற்பட்ட மஞ்சள் சட்டையை முதன்முதல் அணிந்தவர் அவரே. கடைசிக்கு முந்திய கட்டத்தில், மறுபடியும் போர்க் முறிந்தது! மூன்றாம் இடமே கிட்டியது. அப்பொழுது பிரெஞ்சு ஜனங்கள் தாங்களே பணம் திரட்டி அவருக்கு அனுப்பிவைத்தார்கள். உதவி பெறலாகாதென்ற விதி அதற்குச் செல்லவில்லை.