60 பர்சென்ட் இருக்கு, அப்ப ஃபிரிட்ஜ் ஏன் நின்னுச்சு?

கேரவனில் விடுமுறைக்குக் கிளம்பும் நம்ம வீடுகளில், கரண்ட் இல்லாத கேம்ப்சைட்டுக்குப் போனதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அப்பா, பேட்டரி எத்தனை பர்சென்ட்?” போன் பார்த்து வந்த பழக்கம். சுவரில் இருக்கும் மானிட்டரைப் பார்த்து “60” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறோம். அந்த 60-ஐ நம்பித்தான் ஃபிரிட்ஜில் பால் இருக்கு, தோசை மாவு இருக்கு, சில வீடுகளில் பிள்ளையின் மருந்தும் இருக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று இந்த முறை பார்த்துவிடலாம்.

மானிட்டர் பேட்டரிக்குள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பேட்டரியின் மைனஸ் கேபிளில் ஷண்ட் என்று ஒரு உலோகத் துண்டு இருக்கும். அதன் வழியாகப் போகிற, வருகிற கரண்ட்டை அளந்து கூட்டிக் கழிப்பதுதான் மானிட்டரின் வேலை. 5 ஆம்ப் வீதம் 2 மணி நேரம் போனால் 10 ஆம்ப்-அவர் செலவு. சோலாரில் இருந்து வந்தால் வரவு. மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரிதான். நோட்டில் எழுதியிருக்கும் தொகை கல்லாவிலும் இருக்கணும்னா மூன்று விஷயம் சரியாக இருக்கணும்.

முதலாவது, பேட்டரியின் கொள்ளளவு. இதை யாராவது ஒருவர் செட்டிங்ஸில் பதிந்திருப்பார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாடகைக் கேரவனில் போயிருந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் ஃபிரிட்ஜில். இரவு மானிட்டர் 60 காட்டியது. விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றிருந்தது, மானிட்டர் திரையும் இருட்டு. உள்ளே இருந்தது 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி, செட்டிங்ஸில் இருந்ததோ 200. படுக்கும்போது 80 செலவாகியிருந்தது. 200-இல் 80 போனால் மீதி 60 பர்சென்ட். நிஜத்தில் மீதி இருந்தது 20 மட்டும். அதையும் ஃபிரிட்ஜ் இரவில் குடித்துவிட்டது. மானிட்டர் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. அதற்குக் கொடுத்த எண்தான் தப்பு.

இரண்டாவது, எல்லாச் செலவும் ஷண்ட் வழியாகவே போகணும். பேட்டரியின் மைனஸ் முனையில் ஷண்ட் கேபிள் ஒன்றுதான் இருக்க வேண்டும். பின்னால் பொருத்திய ஏதாவது ஒரு சாதனத்தின் ஒயரை நேராக அந்த முனையில் மாட்டியிருந்தால், அது இழுக்கும் கரண்ட் கணக்கிலேயே ஏறாது.

மூன்றாவது, அவ்வப்போது முழு சார்ஜ். வோல்டேஜ் உயர்ந்து, உள்ளே போகும் கரண்ட் மிகவும் குறைந்து, சில நிமிடம் அப்படியே நின்றால்தான் மானிட்டர் “நிறைஞ்சிடுச்சு” என்று எடுத்துக்கொண்டு 100-இல் இருந்து புதுக் கணக்கு தொடங்கும். பல நாள் பாதி சார்ஜிலேயே ஓட்டினால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு எண்ணை இன்னொரு வழியில் சரிபார்க்காமல் நாங்கள் நம்புவதில்லை. இங்கே அந்த இன்னொரு வழி வோல்டேஜ். பழைய லெட்-ஆசிட் வகையென்றால், சில மணி நேரம் சார்ஜும் செலவும் இல்லாமல் இருந்தபின் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அந்த வகையைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. லித்தியம் (கேரவனில் பெரும்பாலும் வரும் அயர்ன் பாஸ்பேட் வகை) வேறு மாதிரி. 90-இல் இருந்து 30 பர்சென்ட் வரை 13.2 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும், நடுவில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லாது. ஆனால் பெரிய லோடு எதுவும் ஓடாதபோதே 12.8-க்குக் கீழே வந்துவிட்டால், மானிட்டர் 60 காட்டினாலும் நம்பாதீங்க. கிட்டத்தட்ட காலி.

“மீதி நேரம்” என்று காட்டுவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது இப்போது ஓடும் கரண்ட்டை வைத்துப் போடும் கணக்கு. 500 வாட் ரைஸ் குக்கரை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியில் இருந்து 45, 50 ஆம்ப் போகும். 60 ஆம்ப்-அவர் மீதி இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டும். சோறு வெந்து குக்கரை அணைத்து, சராசரியாக 2 ஆம்ப் இழுக்கும் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் அதே 60-க்கு 30 மணி நேரம். அதனால் இரவில் பர்சென்ட்டை மட்டும் பார்க்காமல் ஆம்ப், வோல்ட் இரண்டையும் பாருங்க. எல்லாம் அணைத்த பிறகும் 8, 10 ஆம்ப் வெளியே போய்க்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று ஓடுது. 

கிளம்புவதற்கு முந்தின நாள், வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே முழு சார்ஜ் போடுங்க. பேட்டரி லேபிளில் இருக்கும் ஆம்ப்-அவரும் செட்டிங்ஸில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்க. வாடகை வண்டி என்றால், சாவி வாங்கும் இடத்திலேயே இதைக் கேட்டுவிடுங்க. குளிரில் வைக்க வேண்டிய மருந்து கூட இருந்தால், ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்னத் தெர்மாமீட்டரும், ஐஸ் பேக்கோடு ஒரு கூல் பையும் எடுத்துக்கோங்க. மருந்து ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி வைங்க. மானிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிள்ளையின் மருந்துக்கு அது ஒன்றையே நம்பிப் போக வேண்டாம்.