சரிபாதி என்றொரு மூடநம்பிக்கை

அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் சலிக்காமல் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு. முதலில் ஓட்டத்தை நிலைநாட்டு, பிறகு பந்தை வீசு. ஓட்டமும் பாஸும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கிற அணிதான் ஒழுங்கான அணி. பாஸ் கூடிப்போனால் அந்த அணிக்குப் பொறுமை இல்லை, ஆண்மை இல்லை என்று பழைய வீரர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளரும் மறுநாள் நிருபர்கள் முன்னால் நின்று, இன்னும் சமநிலையோடு ஆடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. திரையில் வரும் புள்ளிவிவரமும் அவர்களுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது. ஒரு ஆட்டத்தில் 30 தடவைக்கு மேல் ஓடிய அணிகள் பெரும்பாலும் ஜெயித்திருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

இந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைத் தலைகீழாகப் படிக்கிறோம். ஆட்டத்தின் அடிப்படை எளிது: 10 யார்டு முன்னேற 4 முயற்சிகள். முன்னேறிவிட்டால் மறுபடி 4. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் அதை முன்னால் இருப்பவருக்கு வீசலாம். ஓடுபவர் மைதானத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரம் நிற்காமல் ஓடும். வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால்பகுதியில் நேரத்தைக் கரைக்க ஓடிக்கொண்டே இருக்கும். பின்தங்கிய அணி நேரத்தை மிச்சப்படுத்த வீசிக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தால் ஜெயித்தவன் கணக்கில் ஓட்டம் கூடுதலாக இருக்கத்தான் செய்யும். ஓடியதால் ஜெயிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடினான். பந்தியில் மோர் ஊற்றியதும் எல்லாரும் எழுந்து கை கழுவப் போகிறார்கள் என்பதற்காக, இலை போட்டதுமே மோரை ஊற்றிவிட்டால் பந்தி சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்? ஓட்டத்தை நிலைநாட்டச் சொல்பவர்கள் இதைத்தான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை. 2002இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் சறுக்கியதற்குக் காரணம் ஓட்டத்தை நிலைநாட்டாததுதான் என்று பாஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். ஏரன் ஷாட்ஸ் என்ற ரசிகர் அதை உண்மையா என்று சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். அந்தச் சோதனையிலிருந்துதான் 2003இல் ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் என்ற ஆய்வுத் தளமே பிறந்தது. அவர் கண்டது மேலே சொன்னதுதான்: ஓட்டங்கள் குவிவது வெற்றி ஏறக்குறைய உறுதியான பிறகு. அதற்குப் பின் இரண்டு தலைமுறை வீரர்கள் வந்து போய்விட்டார்கள். வர்ணனை மாறவில்லை.

கணக்கு இன்னும் பழையது. வர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக், ராபர்ட் மேக்கல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, 1969 பருவத்தின் ஆட்டங்களைப் பிரித்து மேய்ந்து, மைதானத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி மதிப்பு என்று 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விளையாடிக்கொண்டே கணக்குப் போட்ட மனிதர்! இதே கார்ட்டருக்காகத்தான், அவர் தோளில் அவ்வளவு வலு இல்லை என்பதால், சின்சினாட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ் 1970இல் குறுகிய பாஸ்களால் ஆன ஒரு ஆட்டமுறையை வடிவமைத்தார். ஓட்டம் செய்ய வேண்டிய வேலையைச் சின்னச் சின்ன பாஸ்களே செய்துவிடும் என்பது அதன் சாரம். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் வால்ஷ், பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை 3 தடவை வென்றது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் இன்றைய கணக்கைப் பார்ப்போம். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி நாலே சொச்சம் யார்டு. அந்தச் சராசரியையும் அவ்வப்போது வரும் நீண்ட ஓட்டங்கள் தூக்கிப் பிடிக்கின்றன. பாதி ஓட்டங்கள் 3 யார்டைத் தாண்டுவதில்லை. பாஸுக்கோ, கைக்குச் சிக்காமல் போனதையும், குவார்ட்டர்பேக் பந்தோடு மடக்கப்பட்டு இழந்த யார்டுகளையும் கழித்த பிறகும், சராசரி சுமார் 6 யார்டு நிற்கிறது. முதல் முயற்சியில் ஓடி 3 யார்டு எடுத்துவிட்டு, அடுத்த முயற்சியில் 7 யார்டு பாக்கி என்று நிற்பதை நல்ல தொடக்கம் என்று பாராட்டுகிறார்கள். அது தொடக்கத்திலேயே கடன்.

சரி, நம்பிக்கை எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வரவில்லை. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1905இல் கல்லூரி மைதானங்களில் சாவுகள் பெருகி, அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டிய நிலை வந்தது. அதற்கடுத்த ஆண்டுதான் முன்னோக்கிய பாஸே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அப்போதும் வீசிய பந்து சிக்காவிட்டால் தண்டனை. பாஸ் வேண்டா மருமகளாகத்தான் இந்த வீட்டுக்குள் நுழைந்தது. 1970களில்கூடத் தற்காப்பு வீரர்கள் பந்தை வாங்க ஓடுபவரை வழி முழுக்க இடித்துத் தள்ளலாம். அதனால் 1977இல், கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச் டவுன் பாஸ்களைவிட எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்களே அதிகம். ஒரு அணி ஒரு ஆட்டத்துக்கு எடுத்த சராசரி 17 புள்ளிதான். ரசிகன் கொட்டாவி விட்டான். 1978இல் விதியை மாற்றினார்கள்: 5 யார்டுக்கு அப்பால் வாங்குபவரைத் தொடக் கூடாது, குவார்ட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டித் தடுக்கலாம். 2004இல் அந்தத் தொடும் விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். அந்த ஆண்டே குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் 49 டச் டவுன் பாஸ் வீசி அன்றைய சாதனையை உடைத்தார். இன்று பறிபோகும் ஒவ்வொரு பாஸுக்கும் இரண்டு டச் டவுன் பாஸ் விழுகிறது. பாஸ் வீசினால் மூன்று நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது என்று பழைய கல்லூரிப் பயிற்சியாளர்கள் எச்சரித்தது அவர்கள் காலத்துக்குச் சரி. அந்தக் காலம் போய் அரை நூற்றாண்டு ஆகிறது.

அந்தப் பொற்காலத்திலாவது சமநிலை இருந்ததா? பயிற்சியாளர் டான் ஷூலாவின் மயாமி டால்ஃபின்ஸை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1974 ஜனவரியில் மினசோட்டாவை 24-7 என்று வென்ற சூப்பர் பவுலில் அவர்கள் 53 தடவை ஓடினார்கள். குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி வீசியது 7 பாஸ். அதற்கு முந்தைய ஆட்டத்தில் 6. இதற்குப் பெயர் சமநிலையா? எது பலிக்கிறதோ அதை எதிராளி நிறுத்தும்வரை செய்துகொண்டே இருந்தார் ஷூலா. அவரைப் பின்பற்ற வேண்டுமானால் அதில் பின்பற்றுங்கள்.

அடுத்து வரும் வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஓட்டத்தின் நேரடிப் பலன் குறைவுதான். ஆனால் ஓடி ஓடி எதிரணியை நம்பவைத்தால்தான், ஓடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு வீசும் பிளே-ஆக்‌ஷன் பலிக்கும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. 2018இல் பென் பால்ட்வின் என்ற ஆய்வாளர் இதைத் தரவுகளோடு ஒப்பிட்டார். ஒரு அணி எத்தனை தடவை ஓடுகிறது, எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கும் அதன் பிளே-ஆக்‌ஷன் பாஸ்கள் பலிப்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. காரணம் மர்மமில்லை. பந்தை ஓடுபவன் வயிற்றில் திணிப்பதுபோல் ஒரு கை அசைந்தால் தற்காப்பில் நிற்கும் லைன்பேக்கரின் கால் தானாக முன்னால் நகரும். பள்ளி நாளிலிருந்து பழக்கிய அனிச்சைச் செயல் அது. அன்றைக்கு எதிரணி 12 தடவை ஓடியதா, 25 தடவை ஓடியதா என்று அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

எதிரணிக்கு எது பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தாலே விஷயம் விளங்கும். 1991 ஜனவரி சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயண்ட்ஸின் தற்காப்புத் திட்டத்தை வகுத்தவர் பில் பெலிசிக். எதிரே பஃபலோ பில்ஸ். குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியின் அதிவேகப் பாஸ் ஆட்டம். பெலிசிக் தன் ஆட்களிடம், பஃபலோவின் ஓட்டக்காரர் தர்மன் தாமஸ் 100 யார்டு ஓடினால் நாம் ஜெயிப்போம் என்றார். ஓட்டத்தை அடக்கியே பழகிய முரட்டு வீரர்களுக்கு அது அவமானமாக இருந்தது. முன்வரிசையைக் குறைத்து, பின்னால் ஆளை நிறைத்தார். தாமஸ் 135 யார்டு ஓடினார். பஃபலோ 20-19 என்று தோற்றது. அந்தத் திட்டக் குறிப்பு இப்போது ஓஹையோ மாநிலம் கேன்டனில் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. ஜயண்ட்ஸும் அன்று ஓடி ஓடித்தானே 40 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். அப்படி ஓடியும் கடைசியில் ஸ்காட் நார்வுட்டின் 47 யார்டு உதை வலப்பக்கம் விலகிப் போனதால்தான் கோப்பை கிடைத்தது.

ஓட்டக்காரர்களின் சாதனைப் பட்டியலே இந்த நம்பிக்கைக்கு எதிரான ஆவணம். ஒரு பருவத்தில் 2,000 யார்டு ஓடியவர்கள் 9 பேர். 1973இல் சிம்ப்சன், அவரது அணி இறுதிச்சுற்றுகளுக்கே போகவில்லை. 2009இல் கிறிஸ் ஜான்சன், அவர் அணியும் போகவில்லை. டிக்கர்சன், பாரி சாண்டர்ஸ், ஜமால் லூயிஸ், ஏட்ரியன் பீட்டர்சன், டெரிக் ஹென்றி ஆகிய ஐவரின் அணிகளும் உள்ளே நுழைந்த முதல் ஆட்டத்திலேயே வெளியேறின. 1998இல் டெர்ரல் டேவிஸ் கோப்பை வென்றார். பந்தை அவர் கையில் கொடுத்தவர் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே. ஒன்பதாவது ஆளிடம் பிறகு வருகிறேன்.

ஓட்டத்தில் ஓட்டக்காரரின் பங்கைவிட முன்வரிசையின் பங்கே பெரிது என்பதை 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் காட்டியது. 4.5 கோடி டாலர் உத்தரவாதத்தோடு புது ஒப்பந்தம் பெற்றிருந்த ஓட்டக்காரர் டாட் கர்லி முழங்கால் வலியால் ஒதுங்கினார். அந்தப் பருவத்திலேயே வேறு அணிகள் கழற்றிவிட்ட சி.ஜே. ஆண்டர்சனைத் தெருவிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். அவர் முதல் ஆட்டத்தில் 167 யார்டு ஓடினார், அடுத்ததில் 132. கர்லியை 2020 மார்ச்சில் ராம்ஸ் விடுவித்தது.

இதனால் ஓடவே கூடாது என்றாகிவிடாது. 1 யார்டு பாக்கி என்றால் முட்டி மோதி ஓடுவதுதான் புத்தி. 2019 பால்ட்டிமோரின் லமார் ஜாக்சன்போலக் குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவர் என்றால் எதிரணிக்கு ஒரு ஆள் குறைகிறது, கணக்கே மாறுகிறது. பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ வழிவந்த தற்காப்புகள் இப்போது இரண்டு பேரை ஆழத்தில் நிறுத்தி, முன்னால் ஆளைக் குறைத்து, ஓடினால் ஓடிக்கொள் என்கின்றன. அப்போது ஓட வேண்டியதுதான். அடுத்த பாஸின் பலன் குறைந்து அடுத்த ஓட்டத்தின் பலனோடு சமமாகும்வரை வீசு, பிறகு ஓடு. சமமாக வேண்டியது பலன். எண்ணிக்கை எந்த விகிதத்தில் வந்து நின்றால் என்ன?

2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 என்று முன்னிலை வகித்து 34-28 என்று தோற்றதை இங்கே இழுப்பார்கள். 28-20 என்றிருந்தபோது எதிரணியின் 22 யார்டு அருகே பந்து. மூன்று தடவை ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, பந்தை உதைத்து 3 புள்ளி எடுத்திருந்தால் ஆட்டம் அநேகமாக முடிந்திருக்கும். வீசப் போய் மடக்கப்பட்டார்கள், யார்டுகளை இழந்தார்கள். அது பெரும் தவறு, மறுக்கவில்லை. ஆனால் கடிகாரத்தையும் உதைக்கும் தூரத்தையும் மறந்த தவறு. அதே இரவில் கோப்பையைத் தூக்கிய எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி வீசியது 62 பாஸ். அவர் அணி ஓடியது 25 தடவை. ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் கணக்கை வாசிப்பதில்லை.

2015 சூப்பர் பவுலின் கடைசி நொடிகளில் சியாட்டில் விஷயத்தில் நடந்தது அநியாயம். 1 யார்டு, 26 வினாடி, இரண்டாவது முயற்சி, கையில் ஒரே ஒரு டைம்-அவுட். ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சுக்குக் கொடுக்காமல் வீசச் சொன்ன பயிற்சியாளர் பீட் கேரலை உலகமே திட்டியது. அந்த நேரத்துக்குள் மூன்று முயற்சிகளையும் பயன்படுத்த வேண்டுமானால் நடுவில் ஒன்றாவது பாஸாக இருந்தாக வேண்டும். எல்லாம் ஓட்டமென்றால் கடிகாரம் தின்றுவிடும். எதிரே நின்றது ஓட்டத்தை அடைக்க நிறுத்திய கனத்த ஆட்கள். அந்தப் பருவத்தில் 1 யார்டிலிருந்து லிஞ்ச் ஓடிய 5 தடவையில் டச் டவுன் ஒன்றுதான். அதே 1 யார்டிலிருந்து அந்தப் பருவம் முழுக்க எந்த அணி வீசிய பாஸையும் எதிரணி பறித்ததில்லை. அன்று எதிரணியின் மால்கம் பட்லர் பறித்தார், அபாரமான பாய்ச்சல். முடிவு கெட்டதால் முடிவெடுத்தவன் முட்டாளாகிவிடுவானா?

கடைசியாக ஒன்பதாவது ஆள். 2024இல் ஃபிலடெல்ஃபியாவின் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், ஈகிள்ஸ் கோப்பையும் வென்றது. ஓட்டம் திரும்பி வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். இறுதியாட்டத்தில் அவர் 25 தடவை ஓடி எடுத்தது 57 யார்டு. இடைவேளைக்குள் 24-0. ஆட்ட நாயகன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். அடுத்த தடவை ஓட்ட எண்ணிக்கையைத் திரையில் காட்டி யாராவது பாடம் நடத்தினால், அதில் எத்தனை ஓட்டம் முதல் மூன்று கால்பகுதிகளில் வந்தவை, எத்தனை ஜெயிப்பது உறுதியான பிறகு வந்தவை என்று மட்டும் கேளுங்கள்.