ஆர்-22, ஆர்-32, ஆர்-290: உங்க ஏசிக்குள்ள இருக்கும் கேஸ் எது? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்தான். ஆனாலும் கோடை வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. மாதத் தவணை வசதி வந்த பிறகு சாதாரண வீடுகளின் மாடியிலும் அவுட்டோர் யூனிட் ஏறிவிட்டது. கடைக்குப் போகிறவர்கள் எத்தனை டன், எத்தனை ஸ்டார், என்ன ஆஃபர் என்று கேட்கிறார்கள். உள்ளே என்ன கேஸ் என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த பத்து வருஷ சர்வீஸ் செலவு, வீட்டின் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மூன்றுமே அந்த ஒரு கேள்வியோடு சேர்ந்தவை.

கேஸ் தீர்ந்து போகுமா?

போகாது. அறையின் சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோய் விடுவதுதான் கேஸின் வேலை. மூடிய காப்பர் பைப்புக்குள் அதே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. எனவே "அண்ணே, கேஸ் தீர்ந்து போச்சு, ஃபில் பண்ணிடலாமா?" என்று மெக்கானிக் கேட்டால், எங்கேயோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் போட்டால் அதுவும் காற்றில்தான் போகும்.

எந்த கேஸ் எவ்வளவு மோசம்?

ஒரு கிலோ கேஸ் வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்பதுதான் அளவுகோல்.

* ஆர்-22: 1,810 கிலோ. பழைய ஏசிகளில் இருப்பது. ஓசோன் படலத்தையும் அரிக்கும்.
* ஆர்-410ஏ: 2,088 கிலோ. ஓசோனுக்கு ஆபத்தில்லை. சூடாக்குவதில் ஆர்-22-வை விட மோசம்.
* ஆர்-32: 675 கிலோ. இப்போது கடைகளில் பரவலாகக் கிடைப்பது. லேசாகத் தீப்பற்றும் தன்மை உண்டு.
* ஆர்-290: சுமார் 3 கிலோ. இது புரொப்பேன். சமையல் சிலிண்டரிலும் இருக்கிற வாயுதான். எளிதில் தீப்பற்றும்.

பட்டியலில் ஆர்-410ஏ-வுக்குக் கீழே போகப் போக சூடாக்கும் திறன் குறைகிறது, தீப்பற்றும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் "இதுதான் பெஸ்ட்" என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி ஓசோனைக் கெடுக்கும் கேஸ்கள் படிப்படியாக விலக்கப்படுகின்றன. ஆர்-22 போன்றவற்றை வைத்துப் புதிய கருவிகள் தயாரிப்பது இந்தியாவில் 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. பழைய ஏசிகளின் சர்வீஸுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். வரத்து குறையக் குறைய விலை ஏறத்தான் வாய்ப்பு.

அடுத்தது 2016-ல் வந்த கிகாலி திருத்தம். இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. இதன்படி ஆர்-410ஏ, ஆர்-32 அடங்கிய எச்.எஃப்.சி வகை கேஸ்களின் பயன்பாட்டை இந்தியா 2028-ல் உச்ச வரம்புக்குள் நிறுத்த வேண்டும். 2032 முதல் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆக, "ஈகோ ஃப்ரெண்ட்லி" ஸ்டிக்கரோடு வரும் ஆர்-32-வும் இடைக்காலத் தீர்வுதான். அதற்காக இன்று வாங்கிய ஆர்-32 ஏசிக்கு நாளையே கேஸ் கிடைக்காமல் போகாது. குறைப்பு மெதுவாகத்தான் நடக்கும்.

அப்படியென்றால் ஆர்-290?

கோத்ரேஜ் நிறுவனம் 2012-லேயே இந்தியாவில் ஆர்-290 ஏசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் நிரப்பப்படும் கேஸின் அளவும் குறைவு. ஆனால் சின்ன பெட்ரூமுக்குப் பெரிய டன் ஏசி மாட்டக் கூடாது. கேஸின் அளவுக்கு ஏற்ற குறைந்தபட்ச அறைப் பரப்பளவு மேனுவலில் இருக்கும். அதைப் பார்த்தே வாங்க வேண்டும். இந்த கேஸைக் கையாளப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் உள்ளூரிலோ பக்கத்திலோ இருக்கிறாரா என்பது அதைவிட முக்கியம். மதுரையிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றால், அவசரத்துக்குப் பயிற்சி இல்லாதவர் கையில்தான் வேலை போகும்.

பழைய ஆர்-22 ஏசி இருந்தால்?

நன்றாக ஓடினால் உடனே தூக்கிப் போடத் தேவையில்லை. ஆனால் "விலை கம்மி" என்று அதில் ஆர்-290 போடச் சம்மதிக்கவே கூடாது. தீப்பற்றும் கேஸுக்காக வடிவமைக்கப்படாத மெஷின் அது. ஆர்-32-வும் கூடாது. அதன் அழுத்தத்தை அந்தப் பழைய கம்ப்ரசர் தாங்காது. லீக் திரும்பத் திரும்ப வந்தால் மாற்றுவதே மேல்.

உண்மையான நஷ்டம் சர்வீஸில்

ஏசியை இடம் மாற்றும்போதும் ரிப்பேரின்போதும் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது வழக்கம். ஒரு கிலோ ஆர்-22 இப்படிப் போனால், இந்திய மின்சாரக் கணக்கில் சுமார் 2,500 யூனிட் கரண்ட் எரித்ததற்குச் சமமான பாதிப்பு. மத்திய அரசின் 2019 குளிர்விப்பு செயல்திட்டம் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்ததும் இதனால்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை மூன்று: நைட்ரஜன் போட்டு லீக் டெஸ்ட் செய்வீர்களா? கேஸ் போடும் முன் வேக்யூம் செய்வீர்களா? பழைய கேஸை சிலிண்டரில் பிடிப்பீர்களா? இதற்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கேட்டால், அது நியாயமான கூலிதான்.

எதை வாங்கலாம்?

பயிற்சி பெற்ற சர்வீஸும் போதுமான அறை அளவும் இருந்தால் ஆர்-290. இல்லையென்றால் ஆர்-32-வில் அதிக ஸ்டார் உள்ள இன்வெர்ட்டர் மாடல். ஸ்டார் லேபிளில் எந்த ஆண்டு என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டார் அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படும். ஆர்-410ஏ எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

எந்த கேஸாக இருந்தாலும் ஏசியின் பாதிப்பில் பெரும் பங்கு மின்சாரத்தால்தான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மின்சக்தி சிக்கன வாரியம். 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டு, மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்தால் 1.5 டன்னுக்குப் பதில் 1 டன்னே போதுமானதாக இருக்கலாம். சின்ன ஏசியில் கேஸும் குறைவு, கரண்ட் பில்லும் குறைவு.