பெருவுக்குப் போன பொட்டிதட்டியும் எங்க ஊர் ஏரியும்

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. பெருவுக்கு டூர் போய்ட்டு வந்த சக பொட்டிதட்டி ஒருத்தர், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு படம் காட்டினார். மச்சு பிச்சு எல்லாம் நாலே படத்துல முடிஞ்சுது. அவர் உருகினது குஸ்கோ நகரத்துல இருந்து அரை நாள்ல பாத்துட்டு வர்ற ரெண்டு இடங்களுக்கு.

ஒண்ணு மொரே. மலைமேட்டுல பூமியை கிண்ணம் மாதிரி குடைஞ்சு, வட்டம் வட்டமா படிப்படியா இன்கா ஜனங்க அமைச்ச வயல். பெரிய கிண்ணம் சுமார் 30 மீட்டர் ஆழம். மேல்படிக்கும் அடிப்படிக்கும் வெப்பநிலை ரொம்ப மாறுமாம். அதனால அது பயிர்களைச் சோதிச்சுப் பாத்த இடமா இருக்கலாம்னு ஒரு ஊகம். இன்னொண்ணு மராஸ். மலைக்குள்ளேர்ந்து வர்ற உப்பு ஊத்தை சின்னச் சின்ன வாய்க்கால்ல பிரிச்சு, சரிவுல அடுக்கடுக்கா மூவாயிரத்துக்கும் மேல பாத்தி கட்டி, வெயில்ல காயவச்சு இன்னிக்கும் உப்பு எடுக்கறாங்க.

படம் முடிஞ்சதும் என்கிட்ட கேட்டார். "உங்க ஊர்ல இந்த மாதிரி எதாச்சும் இருக்காப்பா? பாண்டின்னா சரக்குதானே!"

எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கமில்லாம நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு உறுத்தினதாலதான் இந்தப் பதிவு.

நான் பாகூர் கொம்யூன் ஆளு. அவர்கிட்ட சொல்றதுக்கு சரக்கு (இது வேற சரக்கு!) என்கிட்ட நிறையவே இருந்துது. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுல ஆரம்பிச்சு, பங்காரு வாய்க்கால் வழியா வந்து நிறையற பாகூர் ஏரி. வில்லியனூர் பக்கம் இருக்கற ஊசுட்டேரிக்கு அடுத்தபடியா புதுச்சேரியில பெரிய ஏரி இதுதான். 9-ஆம் நூற்றாண்டுல நிருபதுங்கவர்மன் காலத்துல மூணு ஊரை இங்க இருந்த கல்விச்சாலைக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்ற பாகூர் செப்பேடு. உப்புதான் வேணும்னா வடக்கே ஈசிஆர்ல போனா மரக்காணம். ஆக, அரை நாள் டூர் ரெடி.

ஆனா மக்களே, இதோட நிறுத்திக்கிட்டா நானும் "தமிழன் அன்றே..."ன்னு வாட்ஸப்புல வர்ற ஃபார்வர்டு கோஷ்டிதான். நம்ம பதிவர்கள்ல பாதிப்பேர் (நானும்தான்) இந்த வியாதி உள்ளவங்க. செப்பேட்டுக்கு வயசு சொல்வோம், இன்னிக்கு ஏரியில மண்ணு எத்தனை அடி மேவிக் கிடக்குன்னு கேக்க மாட்டோம்.

நான் சண்டை போட வந்த விஷயம் இதுதான். மொரேவும் மராஸும் பக்கத்துப் பக்கத்து இடம், ஒரே டூர். ஆனா ஒண்ணு இல்ல. மொரேவுல இப்ப வெள்ளாமை கிடையாது. அழகா பராமரிக்கற இடிபாடு. குஸ்கோ வட்டாரத்து மொத்த டூரிஸ்ட் டிக்கெட்லயே அதுவும் அடக்கம். மராஸுக்குத் தனி டிக்கெட், ஏன்னா பாத்திகள் அந்த ஊர்க் குடும்பங்களோடது. நுழைவுக் காசு அந்த ஊர் ஜனங்களுக்குப் போகுது. ஜனங்க நடந்து நடந்து உப்பு அழுக்காகுதுன்னு 2019-ல பாத்திக்கு நடுவுல டூரிஸ்ட் இறங்கறதையே நிறுத்திட்டாங்க. 'போட்டோ முக்கியமா, உப்பு முக்கியமா'ன்னு வந்தப்ப, உப்புன்னு சொல்ற அதிகாரம் அவங்க கையில இருந்துது.

இப்ப பாகூருக்கு வாங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துல 'சிண்டிகா அக்ரிகோல்'னு விவசாயிகள் சங்கம் ஏரி, வாய்க்கால் வேலைகளைப் பாத்துக்கிட்டுது. அப்புறம் அது தேஞ்சுபோச்சு, போர்வெல் வந்துது. 1999-ல ஐரோப்பிய யூனியன் பணத்துல புதுச்சேரியோட 84 ஏரிகளையும் சீர்படுத்தற திட்டம் வந்தப்ப, ஏரிக்கு ஏரி பயனாளிகள் சங்கம் வச்சாங்க. திட்டத்துக்குக் கெடு முடிஞ்சுது. ஏரிக்குக் கெடு கிடையாதே?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பெரியப்பாவோட ஏரிக்கரை மேல நடந்தேன். நான் செல்போன்ல படம் எடுத்துக்கிட்டே வந்தேன். "ஏரிய எதுக்குடா புடிக்கிற? வாய்க்கால போயி பாரு"ன்னார். "ஏன் பெரியப்பா?"ன்னேன். "ஏரில தண்ணி நிக்கிறது பெரிசில்ல தம்பி. கடைமடைக்குப் போவுதான்றதுதான் கணக்கு. மோட்டார் போட்டவன் எவன் இப்ப வாய்க்கா வெட்ட வரான்?"

அவர் சொன்னதுல ஒரு விஞ்ஞானமும் இருக்கு. ஏரி நின்னாத்தான் நிலத்தடி நீர் ஊறும். ஊற விடாம உறிஞ்சிக்கிட்டே இருந்தா, கடலோரக் கிராமங்கள்ல கடல்தண்ணி உள்ளே ஏறும். பாகூர் கொம்யூனோட கடலோரத்துல இது ஏற்கெனவே நடக்குது. உப்பளம் பாக்க மலை ஏற வேணாம் சார், மோட்டார் போட்டா வயலுக்கே வரும்!

உப்புன்னதும் இன்னொண்ணு. புதுச்சேரி நகரத்துல 'உப்பளம்'னே ஒரு பகுதி இருக்கு. பேரு மட்டும்தான், உப்பு இல்ல. 1815-ல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஒப்பந்தம் போட்டாங்க. பிரெஞ்சுப் பகுதி உப்பு பிரிட்டிஷுக்கு மட்டும்தான், பதிலுக்கு பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல உற்பத்தியையே நிறுத்த இன்னொரு ஒப்பந்தம். அளத்துக்காரங்களுக்கு நஷ்ட ஈடுன்னு ஒரு தொகை. உப்பு வாரினவன்கிட்ட ரெண்டு தடவையும் யாரும் கையெழுத்து கேக்கல.

இன்னிக்கு மரக்காணத்துல வெறுங்காலோட பாத்தியை மிதிச்சு, பலகையால உப்பை இழுத்து வாரறவங்களுக்கும் பாத்தி சொந்தமில்ல, தினக்கூலிதான். மழை வந்தா அதுவும் இல்ல. 2022-லேர்ந்து தமிழக அரசு மழைக்காலத்துக்கு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருது. நல்ல விஷயம். மூணு மாசத்தை அதுல ஓட்டணும்னா, பொட்டிதட்டிகளே, நம்ம ஒரு வாரயிறுதிச் செலவோட ஒப்பிட்டுப் பாத்துக்குங்க. நாம என்ன பண்றோம்? ஈசிஆர்ல காரை நிறுத்தி, வெள்ளைக் குவியலுக்கு முன்னால செல்ஃபி எடுத்துட்டு, வடை தின்னுட்டு வந்துடறோம்.

"டூரிஸம் வந்தா எல்லாம் சரியாயிடும்"னு ஒரு நண்பர் சொன்னார். ஏரியில படகு விட்டு, கரையில ரிசார்ட் கட்டினா ஏரி பொழைக்குமாம். படகு விடறவனுக்கு ஏரியில தண்ணி எப்பவும் நிக்கணும். விவசாயிக்கு மடையைத் திறந்து விடணும். சாவி யார் கையில? அதைச் சொல்லாம டூரிஸம்னு பேசினா, ஏரியை மொரே ஆக்கறோம்னு அர்த்தம்.

டூர் வேணாம்னு சொல்லல. வாங்க. ஆனா வசூலாகற காசு வாய்க்கால் வெட்டவும் மடை பழுது பாக்கவும் போகணும். அதை எண்ணி வைக்கற சங்கத்துல கடைமடை விவசாயி உக்காந்திருக்கணும். மரக்காணத்துலயும் அதே மாதிரி, உப்பு வாரறவங்களுக்கு ஒரு பங்கு. பெரு நாட்டு மலைக்கிராமத்துக்கு முடிஞ்சது நமக்கு முடியாதா?

அந்த ஆபீஸ் நண்பரை அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கூப்பிட்டிருக்கேன். முதல்ல வாய்க்கால், அப்புறம்தான் ஏரி.

டிஸ்கி: பெரியப்பா இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் அவர் பேச்சை அப்படியே போட்டிருக்கேன். ஊர்ப் பசங்க யாரும் போட்டுக் குடுத்துடாதீங்கப்பா.